காதம் முதல் கிலோமீட்டர் வரை: சராசரி வேகமும் அலகு மாற்றமும்

சராசரி வேகம் என்பது ஒரு பயணத்தில் கடந்த மொத்தத் தொலைவை, அதற்குப் பிடித்த மொத்த நேரத்தால் வகுத்துப் பெறும் அளவாகும். இயற்கணிதம் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் சந்திக்கும் வாய்பாடுகளுள் இதுவும் ஒன்று. வாய்பாடு எளிது. ஆயினும் தேர்வுத் தாள்களில் இந்தக் கணக்கில்தான் பிழைகள் மிகுதி. தொலைவு கிலோமீட்டரிலும் நேரம் நிமிடத்திலும் கொடுக்கப்பட்டு, விடை மட்டும் மீட்டர்/வினாடியில் கேட்கப்படும்போது, வகுத்தல் தெரிந்தவரும் தடுமாறுகிறார்.

இந்தத் தடுமாற்றத்திற்கு மாணவரின் கவனக்குறைவு மட்டும் காரணமன்று. தமிழ்நாட்டில் கடந்த இருநூறு ஆண்டுகளில் தொலைவின் அலகு குறைந்தது இருமுறை மாறியிருக்கிறது. நேரத்தின் அலகோ வேறு வழியில் மாறி, வேறோர் இடத்தில் நின்றுவிட்டது. அந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் வேகம் பிறக்கிறது. இக்கட்டுரை அந்த வரலாற்றை விருதுநகர், சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து விளக்குகிறது.

வேகம் ஓர் எண்ணாக மாறியது

பண்டைக் கிரேக்கக் கணிதத்தில் ஒரே இனமான இரண்டு அளவுகளை மட்டுமே ஒப்பிடுவர். நீளத்தை நீளத்தோடும், காலத்தைக் காலத்தோடும் ஒப்பிடலாம். நீளத்தைக் காலத்தால் வகுப்பது அவர்களுக்கு முறையான செயலாகத் தோன்றவில்லை. 1638-இல் வெளிவந்த நூலில் கலிலியோவும்கூடத் தொலைவுகளின் விகிதம், நேரங்களின் விகிதம் என்றே பேசினார். "மணிக்கு இத்தனை மைல்" என்று வேகத்தைத் தனி எண்ணாகக் குறிக்கும் பழக்கம் பின்னரே பரவியது. 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியர், வெப்பம் பற்றிய தம் நூலில், ஒரு சமன்பாட்டின் இருபுறமும் உள்ள அளவுகள் ஒரே பரிமாணம் உடையவையாக இருக்க வேண்டும் என்று விளக்கினார். இன்று மாணவர் விடையின் அருகே எழுதும் "கி.மீ./மணி" என்ற குறிப்பு, அந்த நெடிய வளர்ச்சியின் விளைவு.

இந்தியக் கணித மரபு இதே தேவையை வேறு வழியில் நிறைவேற்றியது. தெரிந்த மூன்று எண்களைக் கொண்டு தெரியாத நான்காவதைக் காணும் முறை அது. வடமொழியில் இதனைத் திரைராசிகம் என்பர். 499-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபடரின் நூலிலேயே இது உள்ளது. "மூன்று நாழிகையில் இவ்வளவு தூரம் என்றால், பத்து நாழிகையில் எவ்வளவு?" என்ற வகைக் கேள்விக்கு வேகம் என்ற சொல்லே இல்லாமல் இம்முறை விடை தந்துவிடும்.

நாழிகை வழியும் காதமும்

தமிழர் ஒரு நாளை 60 நாழிகைகளாகப் பகுத்தனர். ஆகவே ஒரு நாழிகை இன்றைய 24 நிமிடங்களுக்குச் சமம். இரண்டரை நாழிகை ஒரு மணி. ஏழரை நாழிகை ஒரு சாமம். நாழிகையை மேலும் 60 விநாழிகைகளாகப் பகுத்தனர். ஒரு விநாழிகை 24 வினாடி.

தொலைவுக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று "நாழிகை வழி". ஒரு நாழிகை நேரத்தில் நடந்து கடக்கும் தொலைவு என்பது இதன் பொருள். ஏழு நாழிகை வழி ஒரு காதம் என்றும், ஒரு காதம் ஏறத்தாழ 10 மைல் என்றும் ஆங்கிலேயர் காலத்து அளவுப் பட்டியல்கள் குறிக்கின்றன. காதத்தின் அளவு இடத்திற்கு இடம் வேறுபட்டது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்தப் பட்டியலிலிருந்து ஒரு சராசரி வேகத்தைக் கணக்கிடலாம்.

தொலைவு: 1 காதம் = ஏறத்தாழ 10 மைல் = ஏறத்தாழ 16.1 கி.மீ.
நேரம்: 7 நாழிகை = 7 × 24 = 168 நிமிடம் = 2.8 மணி
வேகம்: 16.1 ÷ 2.8 = ஏறத்தாழ 5.75 கி.மீ./மணி

நல்ல உடல்வலிமை உள்ள ஒருவர் சற்று விரைந்து நடக்கும் வேகம் இது. அதாவது, நாழிகை வழி என்ற தொலைவு அலகிற்குள்ளேயே மனித நடையின் சராசரி வேகம் அடங்கியிருக்கிறது. வழிப்போக்கருக்குத் தனியே வேகக் கணக்குத் தேவைப்படவில்லை. "நாலு நாழிகை வழி" என்று கேட்டதுமே, எப்போது ஊர் போய்ச் சேரலாம் என்று தெரிந்துவிடும். மாட்டு வண்டியோ குதிரையோ வந்தால் மட்டுமே கணக்கு மாறும்.

தொலைவைக் கல்லில் பொறித்து வைக்கும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் ஒன்று, நாவல்தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று அறிவிக்கிறது. எழுத்தறியாதவரும் அறியும்படி, பத்துகளுக்குப் பெரிய குழிகள் இரண்டும் ஒன்றுகளுக்குச் சிறிய குழிகள் ஒன்பதும் அக்கல்லில் இடப்பட்டுள்ளன. அளவைப் பொதுமக்கள் அனைவர்க்கும் புரியும்படி அறிவிக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல என்பதற்கு இக்கல் சான்று.

பீரங்கியும் கடிகாரமும்

வேகத்தைத் துல்லியமாக அளப்பதற்கு நீளம், நேரம் இரண்டுமே துல்லியமாக வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மதராசு வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த ஜான் கோல்டிங்காம், 1820, 1821 ஆண்டுகளில் ஒலியின் வேகத்தை அளந்தார். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை மாலை வேளைகளில் பீரங்கிகள் வெடிக்கப்பட்டன. வானாய்வகத்தில் இருந்தவர்கள் முதலில் ஒளியைக் கண்டனர். பின்னர் ஒலியைக் கேட்டனர். இரண்டிற்கும் இடைப்பட்ட வினாடிகளைக் கடிகாரம் கொண்டு குறித்தனர். பரங்கிமலை வானாய்வகத்திலிருந்து ஏறத்தாழ 29,500 அடி தொலைவில் இருந்தது. ஒலி வந்து சேர ஏறத்தாழ 26 வினாடி ஆயிற்று.

கோல்டிங்காம் ஒரே அளவீட்டோடு நிற்கவில்லை; பல மாதங்கள் தொடர்ந்து அளந்து, மாதச் சராசரி கண்டார். குளிர்ந்த மாதங்களில் வினாடிக்கு ஏறத்தாழ 1100 அடியாக இருந்த வேகம், வெப்பமான மாதங்களில் 1160 அடியைத் தாண்டியது. காற்றின் வெப்பநிலை உயரும்போது ஒலி விரைவாகச் செல்லும் என்பதை இந்த எண்கள் காட்டின. இந்த ஆய்வு 1823-இல் இலண்டனில் வெளியிடப்பட்டது.

அவருடைய அளவை இன்றைய அலகிற்கு மாற்றிப் பார்க்கலாம். ஓர் அடி 0.3048 மீட்டர். இரண்டிற்கும் நடுவே 1140 அடி என்று எடுத்துக்கொண்டால், 1140 × 0.3048 = ஏறத்தாழ 347 மீட்டர்/வினாடி. இது இன்றைய பாடநூல்கள் சென்னையின் வெப்பநிலைக்குத் தரும் மதிப்போடு பொருந்துகிறது. அலகு மாற்றம் சரியாக இருந்தால், இருநூறு ஆண்டு பழைய அளவீடும் இன்று நம்மோடு பேசும்.

சிவகாசி வட்டாரத்தில் இந்தச் சோதனையை எவரும் மொட்டைமாடியில் நின்றே செய்யலாம். தொலைவில் ஒரு வாண வெடி பூவாக விரிவதைக் கண்டதும் வினாடிகளை எண்ணத் தொடங்க வேண்டும். மூன்று வினாடி கழித்து ஒலி கேட்டால், அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் வெடித்திருக்கிறது.

மீட்டர் பாதையில் மைல் கணக்கு

மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான இரயில் பாதை 1876-இல் திறக்கப்பட்டது. அது அந்நாளில் விருதுபட்டி எனப்பட்ட ஊரின் வழியே சென்றது. 1923-இல்தான் ஊரின் பெயர் விருதுநகர் என்றானது. பின்னர் 1927-இல் விருதுநகரிலிருந்து சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகத் தென்காசிக்குப் பாதை அமைந்தது. பருத்தி, மிளகாய், பருப்பு, எண்ணெய் ஆகியவற்றோடு தீப்பெட்டியும் இப்பாதைகளில் வெளியூர்களுக்குச் சென்றன.

இந்தப் பாதைகள் மீட்டர் அகலப் பாதைகளாக இடப்பட்டன. இதில் ஒரு முரண் உண்டு. 1870 வாக்கில் மேயோ பிரபுவின் அரசு, இந்தியாவில் விரைவில் மெட்ரிக் முறை வந்துவிடும் என்று கருதியது. அதனால் புதிய சிறு பாதைகளின் தண்டவாள இடைவெளியை ஒரு மீட்டர் என்று வகுத்தது. மெட்ரிக் முறைக்கான சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே எண்பது ஆண்டுகளுக்கு மேலாக, தண்டவாளங்களுக்கு இடையே மீட்டரும், தண்டவாளங்களின் நெடுகிலும் மைலுமாக இரண்டு அளவுகள் ஒரே பாதையில் வழங்கின.

அக்காலக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். மதுரையிலிருந்து விருதுநகர் இரயில் பாதையில் ஏறத்தாழ 27 மைல். ஒரு வண்டி இத்தொலைவை ஒன்றரை மணியில் கடப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் 27 ÷ 1.5 = 18 மைல்/மணி. ஒரு மைல் 1.609 கி.மீ. என்பதால், இது ஏறத்தாழ 29 கி.மீ./மணி. இடையில் நிலையங்களில் நின்ற நேரமும் இந்த ஒன்றரை மணியில் அடங்கும். வண்டி ஓடும்போது 30 மைல் வேகத்தைத் தொட்டிருக்கலாம். பயணிக்குக் கிடைத்தது 18 மைல் வேகமே. இதுவே சராசரி வேகத்திற்கும் ஒரு கணத்தின் வேகத்திற்கும் உள்ள வேறுபாடு.

கடிகாரங்கள் ஒன்றான வரலாறு

தொலைவு சரியாகத் தெரிந்தாலும், புறப்பட்ட நேரமும் வந்த நேரமும் ஒரே கடிகார முறையில் இல்லாவிட்டால் வேகம் பிழையாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊருக்கு ஊர் சூரியனை வைத்தே உச்சிப்பொழுது கணித்தனர். தீர்க்கக்கோட்டில் ஒரு பாகைக்கு 4 நிமிடம் வேறுபடும். சென்னைக்கும் விருதுநகருக்கும் இடையே இரண்டேகால் பாகை அளவு வேறுபாடு உண்டு. ஆகவே சென்னையில் உச்சிப்பொழுது ஆகி ஏறத்தாழ 9 நிமிடம் கழித்தே விருதுநகரில் உச்சிப்பொழுது ஆகும். நடந்து செல்பவருக்கு இது பொருட்டே அல்ல. இரயில் கால அட்டவணைக்கோ 9 நிமிடம் பெரிய பிழை. எனவே இரயில்வே, மதராசு வானாய்வகத்தின் நேரத்தை நாடெங்கும் பொது நேரமாகக் கொண்டது. 1906 சனவரி 1 முதல், கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முந்திய இந்தியச் சீர்நேரம் வழக்கிற்கு வந்தது.

இரண்டு அலகும் ஒருசேர மாறிய காலம்

விடுதலைக்குப் பின் 1956-இல் எடை, அளவுத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரல் 1 அன்று பதின்ம நாணயம் வந்தது; 16 அணா கொண்டிருந்த ரூபாய் 100 நயா பைசாவாயிற்று. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்தன. 1962-இல் அவை கட்டாயமாயின. விருதுநகரில் பிறந்த காமராசர் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த ஆண்டுகள் (1954–1963) இவை.

விருதுநகர் போன்ற வணிக ஊருக்கு இந்த மாற்றம் வேகக் கணக்கின் உடன்பிறப்பாகவே வந்தது. விலை என்பதும் வேகத்தைப் போல ஒரு வீதமே. வேகத்தில் மேலே தொலைவும் கீழே நேரமும் இருக்கும். விலையில் மேலே பணமும் கீழே எடையும் இருக்கும். இங்கே மேலும் கீழும் ஒருசேர மாறின. பயிற்சிக்காக ஒரு கணக்கு: ஒரு வீசை மிளகாய் 2 ரூபாய் 10 அணா என்றால், ஒரு கிலோ என்ன விலை?

10 அணா = 10/16 ரூபாய் = 0.625 ரூபாய், ஆகவே விலை 2.625 ரூபாய்
1 வீசை = ஏறத்தாழ 1.4 கிலோ
ஒரு கிலோவின் விலை = 2.625 ÷ 1.4 = 1.875 ரூபாய்

"2 ரூபாய் 10 அணா" என்பதை 2.10 என்று எழுதிவிட்டால், விடை 1.50 ரூபாய் ஆகிவிடும். ஒரு கிலோவிற்கு 37½ பைசா நட்டம். மூட்டைக் கணக்கில் விற்கும் உழவருக்கு அது சிறு தொகை அல்ல. அலகு மாற்றத் தெரியாதவர், தெரிந்தவரின் சொல்லை நம்பித்தான் பணத்தை எண்ணி வாங்க வேண்டியிருந்தது.

5/18 எங்கிருந்து வந்தது?

பணமும் எடையும் நீளமும் பத்தின் அடுக்குகளுக்கு வந்துவிட்டன. நேரம் மட்டும் வரவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793-இல் ஒரு நாளை 10 மணியாகவும், ஒரு மணியை 100 நிமிடமாகவும் பகுக்க ஆணையிட்டனர். மக்களிடம் அது வேரூன்றவில்லை, 1795-இல் கைவிடப்பட்டது. மீட்டர் உலகெங்கும் பரவியபோது, 60 நிமிடமும் 60 வினாடியும் அப்படியே நின்றன. நாழிகையை 60 விநாழிகையாகப் பகுத்த நம் மரபும் அறுபதையே அடியாகக் கொண்டது என்பது இங்கே நினைக்கத்தக்கது.

ஆகவே கி.மீ./மணியை மீ./வினாடிக்கு மாற்றும்போது, பத்தை அடியாகக் கொண்ட நீளமும் அறுபதை அடியாகக் கொண்ட நேரமும் எதிரெதிரே நிற்கின்றன.

1 கி.மீ./மணி = 1000 மீ. ÷ 3600 வினாடி = 5/18 மீ./வினாடி

மனப்பாடம் செய்யும் 5/18 என்ற பின்னத்தின் பிறப்பு இதுதான். 54 கி.மீ./மணியில் செல்லும் பேருந்து, 54 × 5/18 = 15 மீ./வினாடி வேகத்தில் செல்கிறது. ஓட்டுநர் கண் சிமிட்டாமல் இரண்டு வினாடி கைப்பேசியைப் பார்த்தால், பேருந்து 30 மீட்டர் கடந்துவிடும். "மணிக்கு 54" என்று சொல்லும்போது தெரியாத அபாயம், அலகை மாற்றியதும் கண்ணுக்குத் தெரிகிறது.

சிவகாசியும் திரியின் நேரமும்

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தனர். 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்தபின், உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் இங்கே வளர்ந்தன. இவ்வூரின் பொருள்களில் இன்றும் அலகுகள் கலந்தே வழங்குகின்றன. கம்பி மத்தாப்பு சென்டிமீட்டரில் விற்கப்படுகிறது. வெடிகளின் அளவை அங்குலத்தில் சொல்கிறார்கள். தீப்பெட்டியை 144 கொண்ட குரோஸ் கணக்கில் எண்ணுகிறார்கள்.

வெடித்தொழிலில் வேகத்தைத் தலைகீழாகச் சொல்வது வழக்கம். 1831-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் பிக்ஃபோர்டு, சுரங்கத் தொழிலாளர்களின் உயிரிழப்பைக் குறைக்கக் காப்புத் திரியை உருவாக்கினார். சீராக எரிவதே அதன் சிறப்பு. இத்தகைய திரியை "வினாடிக்கு இத்தனை மீட்டர்" என்று குறிக்காமல், "மீட்டருக்கு இத்தனை வினாடி" என்று குறிக்கிறார்கள். தொழிலாளிக்குத் தேவையான விடை, விலகிச் செல்ல எவ்வளவு நேரம் என்பதே.

கிணறு தோண்டும் இடத்தில் பாறைக்கு வெடி வைக்கிறார்கள். திரி மீட்டருக்கு 120 வினாடி எரிவதாகக் கொள்வோம். ஒரு மீட்டர் நறுக்கினால் 120 வினாடி கிடைக்கும். வினாடிக்கு 1.5 மீட்டர் நடப்பவர் 180 மீட்டர் விலகிவிடலாம். மேற்பார்வையாளர் "ஒன்று" என்று மட்டும் சொல்லி, மற்றவர் அதை ஓர் அடி என்று எடுத்துக்கொண்டால், கிடைப்பது 120 × 0.3048 = ஏறத்தாழ 37 வினாடி; அவர் 55 மீட்டர்தான் விலகியிருப்பார். எண் மாறவில்லை, சொல்லாமல் விட்ட அலகு மட்டுமே மாறியது.

மாணவர் வழுக்கும் மூன்று இடங்கள்

முதலாவது, நேரத்தைப் பதின்மமாக எழுதுவது. 2 மணி 30 நிமிடம் என்பது 2.30 மணி அல்ல, 2.5 மணி. 30-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும். இது அணாவைப் பைசாவாக எண்ணிய பழைய பிழையின் மறுவடிவம்.

இரண்டாவது, பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பம். அலகுகளையும் எழுத்துகளைப் போல எழுதிப் பார்த்தால் இது தீரும். 1000 மீ. / 1 கி.மீ. என்ற பின்னத்தின் மதிப்பு ஒன்று. அதனால் பெருக்கினால் அளவு மாறாது, அலகு மட்டும் மாறும். மேலும் கீழும் உள்ள ஒரே அலகை அடித்துவிட்டால், எஞ்சுவது விடையின் அலகாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறோம்.

மூன்றாவது, வேகங்களின் சராசரியையே சராசரி வேகம் என்று கொள்வது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே கணக்கின் எளிமைக்காக 25 கி.மீ. என்று கொள்வோம். ஒரு சரக்கு வண்டி 50 கி.மீ./மணி வேகத்தில் சென்று, பாரம் ஏற்றிக்கொண்டு 25 கி.மீ./மணி வேகத்தில் திரும்புகிறது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 37.5 வரும். ஆனால் சென்ற நேரம் அரை மணி, திரும்பிய நேரம் ஒரு மணி. மொத்தம் 50 கி.மீ., ஒன்றரை மணி. சராசரி வேகம் 33⅓ கி.மீ./மணி. மெதுவான பயணத்தில் வண்டி அதிக நேரம் செலவழித்ததால், சராசரி அதன் பக்கமே சாய்கிறது.

முடிவுரை

காதமும் நாழிகையும் வழங்கிய காலத்தில் தொலைவும் நேரமும் ஒரே நடையில் பிணைந்திருந்தன. இரயிலும் மைலும் அந்தப் பிணைப்பை அவிழ்த்தன. மெட்ரிக் முறை ஒரு பக்கத்தை மட்டும் பத்தாக்கியது. இன்றைய மாணவர் செய்யும் அலகு மாற்றம், அவிழ்ந்த அந்த இரண்டையும் மீண்டும் பொருத்தும் வேலையே. ஆகவே கணக்கைத் தொடங்குமுன் கொடுத்த எண்களின் அலகுகளைத் தனியே எழுதி, அவற்றை ஒரே இனமாக்கி, அதன்பின் வகுக்க வேண்டும். விடையின் அருகே அலகை எழுதும்வரை கணக்கு முடிந்ததாகாது.